நடுவிரல் அளவு

ஸ்டுட்கார்ட்,
12-3-1974

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு,

நான் நலம். மண்ணூரில் நீயும் தேன்மொழியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே பயப்படும்படி ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருப்புக்கொள்ளாமல் ரயிலேறி, மியூனிக்கில் நம்மூர் யாக்கோபு வீட்டுக்குப் போனேன். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்பே போய்ச் சேர்ந்து தெருவையே சுற்றினேன். அவன் மகளுக்கும் நம் தேன்மொழியின் வயதுதான், இரண்டு. தேன்மொழிக்காக வாங்கிய பூட்ஸ் என் கோட்டுப் பையில் இருந்தது. அழகு பார்க்கலாமென்று அந்தக் குழந்தைக்குப் போட்டேன். பாதிக் கால்கூட நுழையவில்லை.

யாக்கோபின் மனைவி ஞானம்மா சிரித்துவிட்டாள். "இன்னாண்ணே, கைக்கொழந்த பூட்ஸ வாங்கி வச்சிக்கினு கீறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நான் புறப்பட்டபோது தேன்மொழியின் பாதம் என் நடுவிரல் நீளம். வளர்ந்திருப்பாளே என்று ஒரு விரற்கடை கூட்டித்தான் வாங்கினேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

குழந்தையைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. உட்காரவைத்துப் போட்டால் அளவு குறையும். வேறு பூட்ஸ் வாங்கிய பிறகும் நிறுத்திவிடாதே. மாதாமாதம் ஒன்று போட்டு அனுப்பு.

ஷிப்டுக்கு பஸ் வந்துவிட்டது.

பலராமன்