அப்பா பாத்தி கட்டிய துண்டு

2013 மார்ச் 9, சனி

அகதிகளாய் இந்த வெரிபீ ஊருக்கு வந்தபிறகு இன்றுதான் அப்பா காலையிலேயே சவரம் செய்தார். எங்கள் விசாவில் அவர் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாமல் உதவலாமாம். வைதேகி அன்ரியின் காணிக்கு முயல் வராமல் வேலி அடிக்கப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

அன்ரி ஓவியர், சென்னைக்காரி. முன்பு கோவா, அதுதான் முட்டைக்கோஸ், பயிரிட்ட தோட்டம் அது. அவரும் நண்பர்களும் குத்தகைக்கு எடுத்து, ஒன்றும் விதைக்காமல், தானாக என்ன முளைக்கிறதென்று பார்க்க விட்டிருக்கிறார்கள். பருவத்துக்கு ஒருமுறை ஒரே துண்டு நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, மேலே கரியால் தேய்ப்பார்கள். கீழே முளைத்திருப்பது துணியில் பதியும். புல்லைக் கண்டால் அவருக்குப் புல்லரிக்குமாம். இனி அவர் புல்லன்ரி.

மார்ச் 16

வேலியில் ஒரு மட்டையில் எழுதிக் கட்டினேன்: "சத்தம் போடாதீர். புல் நித்திரை." புல்லன்ரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"நல்ல மண்ணை இப்பிடிப் பாழாய் விட்டிருக்கினம், மேனுகா."

ஏப்ரல் 5

ஐயோ அப்பா.

நாளைக்குத் துணி விரிக்க ஆட்கள் வருவார்கள் என்று அன்ரி சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அப்பா விடியவே போய் அந்தத் துண்டு நிலத்தைத் துப்புரவாக்கிவிட்டார். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, கொத்தி, பாத்தி கட்டி, வாய்க்கால் வேறு!

பிடுங்கியதில் இந்த மண்ணின் பழைய புல்லும் இருந்ததாம். தானாகவே திரும்பி வந்த சில குத்துகள். அதற்காகத்தான் இவ்வளவு வருசமும் காத்திருந்தார்களாம்.

அன்ரி பிடுங்கிப் போட்ட குத்துகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க, அண்ணா" என்றார். ஏசியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

ஏப்ரல் 6

வெறும் மண்ணிலேயே துணியை விரித்துத் தேய்த்தார்கள். வரம்புகள் பதிந்தன. அப்பா முழங்கால் ஊன்றிய குழிகளும். பார்க்க அவர் வரவில்லை.

மே 20

அப்பாவுக்குக் கட்டில், சுவர், கட்டில். என்ன பகிடி விட்டாலும் "ம்."

ஜூலை 14

பரந்தனிலிருந்து சித்தப்பா நாங்கள் விட்டுவந்த வயலின் படம் அனுப்பினார். ஆளுயரப் பற்றை. அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார்.

"வரம்பு எங்க?"

அம்மா குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் 12

"அந்தப் பிள்ளை இண்டைக்குக் காணியில நிப்பாவோ?" அப்பாதான் கேட்டார். அன்ரியைத்தான் சொல்கிறார் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. போனோம்.

பாத்தி மழையில் கரைந்திருந்தது. பெரும்பாலும் களைதான். ஓரத்தில் மட்டும் மெல்லியதாய் ஒரு குத்து. அதுதான் அந்தப் புல் என்றார் அன்ரி.

அப்பா பக்கத்தில் முழந்தாளிட்டார். பிடுங்கக் கை தானாக நீண்டது. அன்ரி தடுக்கவில்லை. அப்பாவே கையை இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"அங்க எங்கட வயலிலயும் இப்பிடி ஏதாவது நல்லது முளைச்சிருக்கும், என்ன?"

"ஓம் அப்பா."