நீலக்காரியின் சமையல் மேடை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு தம்பதி. வெள்ளைப் பளிங்கு மாதிரி வேண்டுமாம், ஆனால் வெள்ளையாக இருக்கக் கூடாதாம். நான்கு வருடமாக இந்தக் கார் ஷெட்டில் பலகை மேல் ரெசின் என்கிற பிசினை ஊற்றி இறுகவைத்துச் சமையல் மேடை செய்கிறேன், வருகிறவர்கள் இன்னும் "இது கல்லா, மரமா?" என்றுதான் கேட்கிறார்கள். காயாத பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். யோசிக்கட்டும். அதற்கும் ஓர் உறுப்பு வேண்டும்.

மகள் ஒரு முகவரி கொடுத்தாள். "தெரிஞ்சவங்கம்மா. நீலக் கோடு போட்டுக் கேக்குறாங்க. அளவு எடுத்துட்டு வந்துடு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாம் மாடி. சமையலறைக்குள் நுழைந்ததும் சுவிட்சுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழும் காகிதம் ஒட்டி எழுதியிருந்தது: மின்விசிறி. குழல் விளக்கு. இது வேலை செய்யாது.

அந்தக் கையெழுத்தோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தி, விவாகரத்தும் வாங்கியிருக்கிறேன். இப்போது, எனக்குக் கதவைத் திறந்த இவள் நடத்துகிறாள்.

"நான் யார்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்க்கா. நான் யார்னு உங்களுக்குத் தெரியாதுன்னு இப்பதான் தெரியுது. உங்க பொண்ணு நீங்க செஞ்ச மேடையோட படம் காட்டினா. பிடிச்சுப் போச்சு. வேற யார்கிட்டயும் கேக்கத் தோணலை."

அக்காவாம்!

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். ஓடிவிட்டாள் என்று அந்த ஆளிடம் சொல்லுவாளே என்று நின்று அளந்தேன். ஏழடி நீளம், ஒரு தொட்டி. கருப்புத் தளத்தில் நீலக் கோடு ஓட வேண்டுமாம். "அவர் சாம்பல் நிறமே போதும்ங்கிறார், அழுக்கு தெரியாதாம்" என்றாள். அதுதானே! அந்த ஆளுக்கு அழுக்கு தெரியாமல் இருந்தால் போதும். இல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

மார்ச் 8, சனி

மகளைப் பிடித்துக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்!"

"அதான் சொல்லலை."

அப்பன் வாய். இல்லை, அந்த ஆளுக்கு ஏது இவ்வளவு வாய். என் வாய்தான்.

மார்ச் 12, புதன்

ஊற்றினேன். நீலம் பிரமாதமாக ஓடியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ஓரத்தில் விரல் வைத்தேன். ஒட்டுகிறது. ஒரு முழு நாள் கழித்தும் பாகு மாதிரி!

ரெசின் இரண்டு கப், அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு கப். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நேற்று எண்ணினேனா? எண்ணினேன் — இல்லை, அந்தச் சமையலறையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை தவறியதா, மனசு தவறியதா? எனக்கே தெரியவில்லை.

மேலே மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தால் பளபளவென்று இருக்கும். மூன்று மாதத்தில் அடியில் இளகிப் பெயர்ந்து வரும். அவளுக்குக் காரணம் தெரியாது. அந்த ஆள் மட்டும் வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேனே" என்பார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுப்பிவிட்டது. நான் நல்லவள் என்பதால் இல்லை. அந்த ஆளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மார்ச் 15, சனி

இரண்டு நாளாகத் தகட்டால் சுரண்டி எடுத்தேன். கழுத்து திரும்பவில்லை. மறுபடி ஊற்றியாயிற்று. இந்த முறை வாய்விட்டு எண்ணினேன்.

மார்ச் 22, சனி

பொருத்திவிட்டேன். அந்த ஆள் வீட்டில் இருந்தார். தலைக்கு மை. தொப்பைக்கு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்க்காமல் சுவரிடம், "இவ்வளவு கோடு எதுக்கு? தூசி விழுந்தா பளிச்சுனு தெரியும்" என்றார்.

நீலக்காரி தலையைக்கூடத் திருப்பவில்லை. "சமைக்கிறது நான். தெரிஞ்சா துடைச்சுக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார்! வாயை மூடிக்கொண்டு பிடித்தார்!

பதினோரு வருடத்தில் எனக்கு இந்த ஒரு வரி வந்ததா? நான் என்ன செய்தேன் — உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். என் வீரம் அவ்வளவுதான். அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

வரும் வழியெல்லாம் ஒருத்தியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அவளை இல்லை.

ஏப்ரல் 9, புதன்

போன். மேடையில் வட்டமாக ஒரு தழும்பாம். எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்திருக்கிறார் மகானுபாவர். நேரில் இரண்டு தடவை சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். இப்போது தழும்புக்கு நேர் மேலே, சுவரில் அவரே ஒட்டியிருக்கிறாராம்: 'சூடான பாத்திரம் வைக்காதீர்கள்.'

நீலக்காரி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தழும்பைத் தேய்த்து, மேல் பூச்சு கொடுத்தேன். கேட்காமலே ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அவளும் தேய்த்தாள். அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக. யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று.

"சனிக்கிழமையில உங்க ஷெட்டுக்கு வரட்டுமாக்கா? கத்துக்கணும்."

ஒரே ஆளைக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் ஒரே ஷெட்டில்! பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"சரிக்கா. பத்து மணிக்கு வரேன்."

ஏப்ரல் 12, சனி

பத்து மணிக்கு வந்தாள்.

மே 3, சனி

வெள்ளையாக இல்லாத வெள்ளை கேட்ட தம்பதி யோசித்து முடித்துவிட்டார்கள். எட்டடி வேண்டுமாம். பலகையை மேசைக்கு ஏற்றப் போகிற நேரத்தில் என் போன் அடித்தது. அந்த ஆள். விவாகரத்துக்குப் பிறகு முதல் முறை.

"அவ அங்க இருக்காளா? போனை எடுக்க மாட்டேங்கிறா. குக்கர் மூடியைக் காணோம்."

"வேலையா இருக்கா."

"ஒரு நிமிஷம் குடேன்."

"கையெல்லாம் ரெசின். நீங்களே தேடுங்க."

வைத்துவிட்டேன். ரெசின் டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை. யார் என்று அவள் கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பலகையைத் தூக்கினோம். அவள் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "தூக்கு" என்றேன். தூக்கினாள்.