உங்கள் வீட்டில் சாப்பிடாத வெள்ளிக்கிழமை

அக்கா,

கடைக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு நாளாக மண் மிதிக்கிறார்கள். வைக்கோலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த மண். அந்த வாடை இன்று காலையில் என் சைக்கிள் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பஞ்சர் ஒட்ட வந்தவரின் டியூபை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த நல்ல டியூபை எடுத்துத் தேய்த்து, ஓட்டையே இல்லாத இடத்தில் ஒட்டுப் போட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். ஏழு வருஷமாக அந்த வாடை வந்தால் என் கைக்குப் புத்தி கிடையாது. மற்ற நேரத்தில் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் மதராஸ் கம்பெனிக்கு டயர் அனுப்பச் சொல்லி எழுதுவது. அதை ‘தங்கள் பதிலை எதிர்பார்க்கும்’ என்று முடிப்பேன். இதை அப்படி முடிக்க வழியில்லை. உங்களைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்காரர் செத்தது எங்களால். அவர்மேல் பழியைப் போட்டது நான். உங்களுக்குத் தெரியாததா. ஆனாலும் நான் என் கையால் ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்போது பூசை இலத்தீனில் நடந்த காலம். சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், நாம் அர்த்தம் தெரியாமல் பதில் சொல்லுவோம். அந்த வருஷம் ஐப்பசி மழையில் சிங்கவரம் போகிற பாதையில் உங்கள் தெருவில் ஆறு வீட்டுக்குச் சுவர் விழுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் ஆறையும் வாலிபர் சங்கம் எடுத்துக் கட்டிக் கொடுக்கும் என்று சாமியார் பூசையில் சொன்னார். நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. நைனா கடையில் வாடகை சைக்கிள் இருந்தது, சங்கத்துக்குச் சைக்கிள் தேவைப்பட்டது. பாட்டு ஒத்திகையில்கூட என்னை மெதுவாகப் பாடச் சொல்வார்கள்.

எங்கள் தெருப் பையன்களை உங்கள் தெருவுக்கு அனுப்ப வீடுகளில் யோசித்தார்கள். நாமெல்லாம் ஒரே கோவில்தான், ஆனால் கோவிலுக்குள்ளேயே உங்களுக்கு இடப்பக்கம், எங்களுக்கு வலப்பக்கம். என் நைனாதான் சாமியாரிடம் போய்ப் பேசினார். பையன்கள் வேலை செய்யட்டும், சாப்பாடு மட்டும் அங்கே வேண்டாம் என்றார். சாமியார் அதையே வேறு மாதிரி சட்டமாக்கினார். ஏழைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது. ஆகவே மதியம் எல்லாரும் சாமியார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. சாதியை இவ்வளவு அழகாக மடித்து வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு மைல் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப நேரம் ஆகுமே என்று ஒருவன் கேட்டான். நம்மிடம்தான் சைக்கிள் இருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது நான்.

உங்கள் வீட்டுக்கு நாலு பேர் வந்தோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண் மிதிக்க வந்தவர்களை நீங்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் மிதித்த லட்சணத்தைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர், “மண்ணுக்கு வலிக்கும்னு பயப்படறாரு பாரு” என்றார். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள். எனக்கு இருபது வயது, அவருக்கு முப்பது இருக்கும். அவரை நான் ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘சின்னய்யா’ என்றார். இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை என்று அப்போது நினைத்தேன். எனக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான் உண்மை.

வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு முழம் சுவர் வைத்தால் இரண்டு நாள் காய விட வேண்டும் என்றார். அதனால் ஒரு வீட்டில் ஒரு முழம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தோம். கூரையைப் பிரிக்கவில்லை. கூரையைத் தாங்குகிற தூலத்தை இரண்டு பனங்கழிகளால் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் சுவரை ஏற்றினோம். கடைசி முழம் வைக்கும்போது அந்தக் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரைவிட்டுத் தள்ளி நட வேண்டும். குழி தோண்டி, இரண்டு பேர் நெம்புகோலால் தூலத்தைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் கழியை அடியில் செருக வேண்டும். ஒருத்தன் செய்கிற வேலை இல்லை அது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கழியைத் தள்ளி நட்டாயிற்று; இரண்டாவதைப் பிடுங்கி வெளியே போட்டிருந்தோம். தூலம் நட்ட கழியில் மட்டும் நின்றது. இரண்டாவதற்குப் புதுக் குழி இன்னும் தோண்டவில்லை. என் கையில் நைனாவின் கடிகாரம். மணி பன்னிரண்டு என்றேன். நாலு பேரும் கையைக் கழுவினோம்.

“இன்னும் அர மணி நேரம் சின்னய்யா,” என்றார் உங்கள் வீட்டுக்காரர். “ரெண்டாவது கழியையும் நட்டுட்டா அப்புறம் நீங்க எப்ப வந்தாலும் பரவால்ல. வானம் வேற கருக்குது.”

நீங்கள் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தீர்கள். உங்கள் தெருவில் கேழ்வரகுக் களி தவிர வேறு கொதித்து நான் பார்த்ததில்லை. அன்று அரிசிச் சோறு. எங்கிருந்து வாங்கினீர்களோ.

“சோறு ஆக்கிட்டேன். வெள்ளிக்கெழமயாச்சே, கறி ஆவாதுன்னு கருவாடுதான் போட்டேன். இங்கயே ஒரு வாய் சாப்ட்டுட்டு வேலைய முடிச்சுடுங்களேன்.”

கறி தின்னாத சுத்தபோசன நாள் என்று நாங்கள் சாக்குச் சொல்லிவிடுவோமோ என்று அதையும் யோசித்துச் சமைத்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்ல வேறு சாக்கு தயாராக இருந்தது.

“சங்கத்துச் சட்டம்மா. ஏழை வூட்டுல சாப்ட்டு பாரம் குடுக்கக் கூடாதுன்னு சாமியார் உத்தரவு.”

“பாரம் இன்னா சின்னய்யா. ஆக்கிட்டேனே.”

பத்தே நிமிஷத்தில் வந்துவிடுவோம் என்று சைக்கிளில் ஏறினேன்.

பத்து நிமிஷம் போவதற்கே ஆயிற்று. சாமியார் வீட்டில் சாம்பாரும் அவரைக்காயும். சாப்பிட்டு முடித்ததும் யாரோ ஆர்மோனியத்தை எடுத்தார்கள், கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. நானும் பாடினேன், மெதுவாக. பாதியில் தூறல் விழுந்தது. மழை விட்டதும் போகலாம் என்று சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது உங்கள் கூரை தரையில் இருந்தது. ஈரச் சுவர் அதன்மேல் சரிந்து கிடந்தது. ஆம்பிளைகள் எல்லாரும் கழனி வேலைக்குப் போயிருக்க, தெருப் பெண்கள் கையாலேயே மண்ணைத் தோண்டி அவரை வெளியே இழுத்திருந்தார்கள். அவர் வாயிலிருந்து நீங்கள் விரலால் மண்ணை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எடுக்க எடுக்க வந்தது. மழை வலுத்தால் ஒற்றைக் கழி நழுவிவிடும் என்று பயந்து, அவர் தனியாகவே இரண்டாவது கழியைச் செருகப் போயிருக்கிறார். நீங்கள் பக்கத்தில் இல்லை. எங்களுக்காக ஆக்கி நாங்கள் தொடாத சோற்றைத் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கப் போயிருந்தீர்கள். இல்லாவிட்டால் நெம்புகோலைப் பிடிக்க நீங்களும் அடியில் நின்றிருப்பீர்கள்.

கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நான் முன்னால் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு மாட்டுவண்டிகூடக் குறுக்கே வரவில்லை, ஆனாலும் அடித்தேன். பாதி வழியில் கட்டிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்போதும் நான் கொஞ்ச தூரம் மணி அடித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

சாயங்காலம் சாமியார் எங்களைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். “ரெண்டு கழியும் தள்ளி நட்டு முட்டுக் குடுத்துட்டுத்தான் போனோம் சாமி. நாங்க வர்றதுக்குள்ள அவன் அவசரப்பட்டுப் பிடுங்கிட்டான்” என்றேன். ஒரே மூச்சில் வந்தது. பரீட்சையில் அப்படி ஒரு பதில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசினார். நம் சகோதரர் ஒருவர் அவசரத்தால் உயிரை விட்டார் என்றார். நீங்கள் இடப்பக்கத்தில் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வலப்பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். நீங்கள் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் எங்கள் பக்கம் யார் நம்பியிருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாராவது பரபரத்தால் உங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி எச்சரிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு நிதானமான மனுஷனின் பேர் அதற்குத்தான் மிஞ்சியது. உங்கள் வீட்டை மட்டும் நாங்கள் விழுந்து விழுந்து கட்டி முடித்தோம். வாசல்மேல் சிலுவைகூட வைத்தோம்.

எனக்குக் கல்யாணம் ஆகி மகள் பிறந்தாள். அவள் மூன்று வயதில் என் மடியில் உட்கார்ந்தபோதுதான் கால் உங்கள் வீட்டுப் பக்கம் நடந்தது. கையில் கோவிலில் கொடுத்த அமெரிக்கப் பால் பவுடர் டப்பா ஒன்று, வெட்கங்கெட்டவன். நீங்கள் கூலிக்கு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“அக்கா, ஒரு வாய் சோறு போடுங்க” என்றேன்.

“அக்காவா,” என்றீர்கள். கை நிற்கவில்லை. “சட்டம் இன்னா ஆச்சு?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு படி கடலை உடைந்திருக்கும். அப்புறம் சொன்னீர்கள், ‘சின்னய்யா’வை விட்டுவிட்டு: “எங்க வூட்டுக்காரரு அவசரக்காரரு இல்ல, தம்பி. நீதான் அவர கோவில்ல அப்படி ஆக்கிட்ட. அத மாத்திச் சொல்லிட்டு வா. எல போட்டுச் சோறு போடறேன்.”

நான் என்ன செய்தேன்? அனந்தபுரம் வரைக்கும் சைக்கிளை மிதித்தேன். எங்கள் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்று, முன்பின் தெரியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். திரும்பும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டு நேராக உங்களிடம் வந்து நின்றேன், பாஸானவன் மாதிரி.

“யாருக்குக் கேட்டுது?” என்றீர்கள்.

“சாமியாருக்கு.”

“அவரு வெளிய சொல்லக் கூடாதில்ல. அப்புறம் சாமிக்குத் தெரிஞ்சதயே சாமிகிட்ட சொல்லிட்டு வந்திருக்க. ஜனங்களுக்கு இல்ல தெரியணும்?”

அன்றோடு நான் வரவில்லை. கோவிலில் உங்களைப் பார்த்தால் தூண் மறைவுக்குப் போய்விடுவேன். பூசை தமிழுக்கு மாறியது. சாமியார்கள் நம்மைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். எல்லாருடைய செபத்துக்கும் அர்த்தம் புரிய ஆரம்பித்தது, என்னுடையதற்கும். ‘என் பாவமே, என் பாவமே’ என்று மார்பில் தட்டும்போது இலத்தீனே தேவலை என்று தோன்றும்.

உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரியாது. கடைக்குக் காற்றடிக்க வந்தவர் சொல்லித்தான், நீங்கள் செத்துப் புதைத்தாயிற்று என்று தெரிந்தது. ஏழாம் நாள் செபத்துக்கு வந்தேன். செபம் முடிந்ததும் எழுந்து நின்று உங்கள் தெரு ஜனங்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கழி நடவில்லை, குழி தோண்டவில்லை, பொய் சொன்னது நான். அழுகைகூட வந்தது. உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

“இங்க எல்லாருக்கும் அன்னைக்கே தெரியும் தம்பி. சாயங்காலம் வந்து மண்ண வாரும்போது பாத்தோமே, ரெண்டாவது கழிக்குக் குழியே இல்ல. குழி இல்லாம கழி எங்க நின்னுச்சு? அந்தப் பொய் இந்தத் தெருவுக்கு வரவே இல்ல. அது ஒங்க தெருவுலதான் இருக்குது. அங்க போய்ச் சொல்லு.”

அப்புறம் எல்லாருக்கும் இலை போட்டார்கள். எனக்குப் போடவில்லை. கோபத்தில் இல்லை, அக்கா. எங்கள் தெருக்காரன் அங்கே சாப்பிட மாட்டான் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம், அவ்வளவுதான். கேட்டு வாங்க எனக்கு யோக்கியதை இல்லை. வந்துவிட்டேன்.

நேற்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். “எங்கப்பா காதுல போட்டுடாதீங்க,” என்றாள். எங்கள் தெருவில் அவள் முதல் ஆள். இன்று மதியம் நைனாவிடம் சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்கு என்ன லாபம் என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் இரண்டாவது. சாமியாரிடம் பூசை முடிவில் பேச இரண்டு நிமிஷம் கேட்டேன். இவர் புதியவர். ஜனங்களைக் கலைக்க வேண்டாம், விட்டுவிடு என்கிறார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே, வலப்பக்க வாசலில் நிற்கப் போகிறேன். எங்கள் தெரு முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும். மெதுவாகச் சொன்னால் கேட்காது. ஓடிப் போவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும். சொல்லிவிட்டு வந்தால் இலை போட நீங்கள் இல்லை. அந்தப் பசி இனி என்னோடுதான் இருக்கும். இருக்கட்டும். அவர் அவசரப்பட்டவர் இல்லை, அக்கா. சொல்கிறேன்.