வெல்லம் மண்ணாகும் இலை

மேட மாசம் 3, திங்கள்

காலையிலேயே இடி. மழை இல்லை. புழுக்கம்.

ஜானகி இன்னும் இளைத்துவிட்டாள். வளையல் முழங்கைவரை ஏறுகிறது. ராத்திரி மட்டும் ஆறு சொம்பு தண்ணீர். கொல்லையில் அவள் போன இடத்தில் எறும்பு. அவள் பார்ப்பதற்குள் கழுவிவிட்டேன். நீரிழிவுக்கு மருந்தே கிடையாது, சோறும் வெல்லமும் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரித்தாயிற்று. கல்யாணமாகி ஏழு வருஷம்தான் ஆகிறது.

வலியசாலை வைத்தியர் மட்டும் ஒன்று சொன்னார்: சிறுகுறிஞ்சான் கொடி. வறண்ட பூமியில், பூத்த கொடியாக இருக்கவேண்டும். இலையைக் கஷாயம் வைத்து வெறும் வயிற்றில்.

செடிகளைக் காயவைத்து நம்பர் போட்டுப் பாதுகாக்கும் ஆபீசில் நான் செடி சேகரிப்பவன். ஆரல்வாய்மொழிக் காட்டுக் கொடிகளைப் பூவோடு கொண்டுவரச் சொல்லி உத்தரவு. இதற்குமுன் எந்த உத்தரவுக்கும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மேடம் 6, வியாழன். ஆரல்வாய்மொழி

காற்று, புழுதி. மாட்டு வண்டியில் வந்ததில் இடுப்பு போயிற்று.

இன்று கிடைத்தவை: கோவை, வெள்ளைப் பூ. முடக்கத்தான், பூ கடுகளவு. வேலிப்பருத்தி. சங்குபுஷ்பம், நீலம். பெருமருந்து. பிரண்டை, பூ இல்லை.

சிறுகுறிஞ்சான் இல்லை.

மேடம் 7, வெள்ளி

எதிரெதிரே ஜோடி இலை, சின்ன மஞ்சள் பூக்கொத்து. புஸ்தகத்தில் இவ்வளவுதான். இங்கே பாதிக் கொடி ஜோடி இலைதான். பூவை ஆடு விட்டுவைக்கவில்லை. வாய்தான் கதி. இலையை மென்று துப்பிவிட்டு, நாக்கில் வெல்லம் வைக்கவேண்டும். இனித்தால் வேறு கொடி. மண் மாதிரி இருந்தால் சிறுகுறிஞ்சான்.

பதினோரு கொடி மென்றேன். பதினோரு தடவையும் வெல்லம் இனித்தது. இனிப்பின்மேல் இப்படி ஒரு வெறுப்பு வரும் என்று நினைத்ததே இல்லை. ஒன்று நச்சறுப்பான், குடல் வெளியே வரும்போல வாந்தி.

ஆடு மேய்க்கும் கிழவி சிரித்தாள். “என்ன சாமி, என் ஆடுகூட மோந்து பாத்துதான் திங்கும். நீரு எல்லாத்தையும் கடிக்கீரு!”

பெண்டாட்டிக்குச் சுகமில்லை என்றேன். சிரிப்பு நின்றது. “பொத்தைக்கு அந்தாண்ட கள்ளிப் புதர்ல பாரும்” என்றாள்.

மேடம் 8, சனி

பொத்தைக் குன்றுக்குப் பின்னால், கள்ளிப் புதருக்குள் ஒரே ஒரு கொடி. மஞ்சள் பூ நாலு கொத்து. மென்றேன். வெல்லம் வைத்தேன். மண்.

மறுபடி வைத்தேன். மண்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கையெல்லாம் கள்ளிமுள்.

கொடி முழுவதும் எடுத்துவிட்டேன். இரண்டு கட்டு. நம்பர் 46 ஆபீசுக்கு, நம்பர் 47 ஜானகிக்கு. சீட்டு எழுதிக் கட்டியாயிற்று.

மேடம் 10, திங்கள்

திருவனந்தபுரத்தில் கொட்டுகிறது. வண்டி நேராக ஆபீசுக்கு. வீட்டில் சுவரெல்லாம் ஈரம், இலை பூசணம் பூத்துப்போகும். 47-ஐயும் ஆபீஸ் அடுப்புக்கு மேலேயே காயப்போட்டேன்.

ஜானகி வாசலுக்கு வர எழுந்தவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் 11, செவ்வாய்

சாயங்காலம் 47-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது. நாளைக் காலை முதல் கஷாயம். இதைக் குடித்தால் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது என்று சொல்லிவைத்தேன். “அப்படியா?” என்றாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

மேடம் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் கஷாயத்தை ஆறவைத்துவிட்டு ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் பிரித்தேன். 1 முதல் 47 வரை எல்லாவற்றுக்கும் எதிரே சிவப்பு மசி. முக்கியாயிற்று என்று அர்த்தம். பூச்சி அரிக்காமலிருக்கச் செடிகளைச் சவ்வீரக் கரைசலில் முக்குவோம். அசல் விஷம்.

முக்கும் வேலை பார்க்கும் நாணு பிள்ளையைக் கேட்டேன். திங்கள் சாயங்காலமே எல்லாவற்றையும் முக்கி, திரும்பக் காயப்போட்டானாம். “நம்பர் இருந்நல்லோ சாமி! நம்பர் இல்லாததை ஞான் தொடமாட்டேன்.”

அவன்மேல் பிழை இல்லை. பத்து வருஷக் கைப்பழக்கம். பெண்டாட்டி மருந்துக்கும் நம்பர் போட்ட மடையன் நான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஆரியசாலைக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அடுக்களையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் டம்ளர். கஷாயம் குடிக்காமல் நிறைய இருந்தது. அவள் வாயோரம் வெல்லம்.

“கோச்சுக்காதேங்கோன்னா. இலையைக் குடிச்சா தித்திப்பே தெரியாதுன்னேளே. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டின்னு தோணித்து. நிறுத்த முடியலை. இதோ, இப்போ குடிச்சுடறேன்.”

டம்ளரைத் தட்டிவிட்டேன். அடிக்க வந்தேன் என்று நினைத்துக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மத்தியானம். கஷாயத்தையும் மிச்ச இலையையும் கொல்லையில் ஆழப் புதைத்தேன். அவளுக்கு மறுபடி தாகம். மூச்சு வாங்குகிறது.

நாளை விடியற்காலை வண்டி சொல்லியிருக்கிறேன். லீவு கேட்கவில்லை. அந்தக் கொடியில் ஒரு இலைகூட விடாமல் எடுத்துவந்தவன் நான். வேறு கொடி தேடவேண்டும். மறுபடி ஒவ்வொன்றாக மெல்லவேண்டும்.

பைக்கு வெல்லம் எடுக்க, அவளுக்கு எட்டாதென்று பரணில் வைத்திருந்த பானைக்குள் கை விட்டேன். பானை காலி.