வலத்தோளில் முந்தானை

கூலாய், ஜோகூர்
செவ்வாய்

அன்புள்ள ஆத்தாவுக்கு விசாலி வணக்கத்துடன் எழுதுவது. அப்பச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். மூன்று நாளாக எதிலும் மனம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சேலைக்கடை வேலை பழகிவிட்டது. குட்டையானவர்களுக்குச் சிறு கரை, அகலமான தோளுக்கு மெல்லிய மடிப்பு என்று ஆளைப் பார்த்ததும் கை தானாக எடுக்கிறது.

சனிக்கிழமை, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் புஷ்பவள்ளி அக்கா, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். எதை விரித்தாலும் கண்ணாடியைப் பார்க்காமலே தள்ளினார். பிறகு மெதுவாக, "வலது மார எடுத்துட்டாங்கம்மா. எது கட்டினாலும் அந்தப் பக்கம் தட்டையா தெரியுது," என்றார்.

நான் விறைப்பான பட்டு ஒன்றை எடுத்து, முந்தானையை முதுகுப்பக்கமிருந்து வலத்தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, மார்பு முழுக்க விரித்து ஊக்குக் குத்திவிட்டேன். அக்கா நிமிர்ந்து நின்றார்.

"அலமாக், நானா லா இது!" என்று கண்ணாடியைப் பார்த்து வியந்தார்.

அதையே வாங்கிக்கொண்டார். போகும்போது, "கட்டி இருக்கிறது முன்னாடியே தெரியும். மக பரீட்சை முடியட்டும்னு தள்ளிப்போட்டுட்டேன்," என்றார்.

ஆத்தா, உங்கள் அக்குளில் ஏதோ உருளுகிறது என்று தங்கை நாச்சம்மை சொன்னாள். போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இது கிடைத்த அன்றே அவளோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடையில் ஏசி குளிர்கிறது. போர்த்திக்கொள்ள நீங்கள் கட்டிய பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று அனுப்புங்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். டாக்டர் என்ன சொன்னாலும் அதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
விசாலி