திருமதி எம் என்கிற என் அக்கா

ஆகஸ்ட் 6
மூன்று துறை, மூன்று பேராசிரியர்கள். வரலாற்றுக்காரருக்கு ஆண்டுகள் வேண்டும். மானிடவியல் அம்மையாருக்குக் கல்யாணப் பந்தல் வேண்டும். இசைத்துறைக்காரருக்குத் தாளம் போதும். பண்பாட்டைப் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கலாம் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். சேர்க்க வேண்டியது நான்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

ஆய்வேட்டில் பாதி என் அக்கா கினாசி. ஜாவாவில் யோக்யகர்த்தாவைச் சுற்றியுள்ள ஊர்களில், கல்யாண மேடைகளில் தங்துத் என்கிற ஆட்டப் பாட்டுப் பாடுகிறவள். 'திருமதி எம்' என்று பெயரை மாற்றியிருக்கிறேன், அம்மாவுக்காக. பெரிய மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆகஸ்ட் 19
அக்கா வந்திருந்தாள். மேசையில் கிடந்த நாலாம் அத்தியாயத்தை நின்றபடியே படித்துவிட்டாள்.

"பாதிக்கப்பட்டவளா? யாருடி, நானா?"

"அது ஆய்வுல எழுதற மாதிரிக்கா..."

"நான் மேடையேறினா ஊரே ஆடுது. நீ என்னடான்னா என்னை ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்க. என்னைப் பத்தி எழுதாத. ஒரு வரி கூட."

தேநீரைத் தொடாமலே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20
அவள் சம்மதம் இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது. அவள் இல்லாமல் ஆய்வேடே இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இப்ப நான் என்னதான் பண்றது?

ஆகஸ்ட் 23
வழிகாட்டி ஹெந்தார்த்தோ ஐயாவிடம் சொன்னேன். "வேற பாடகி யாரையாவது பாருங்களேன்" என்றார்.

வேறு பாடகி!

ஆகஸ்ட் 31
பந்துல் என்ற ஊரில் மதியக் கல்யாணம். அக்காவிடம் சொல்லாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாதிப் பாட்டில் ஒருவன் மேடையேறி அவள் இடுப்பைத் தொடப் போனான். அக்கா ஆடிக்கொண்டே விலகி, மைக்கை அவன் வாயருகே நீட்டினாள் — பாடு. அவனுக்குப் பாட்டு வரவில்லை. பந்தலே சிரித்தது. இறங்கி ஓடினான்.

இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். 'அத்துமீறல்' என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அத்துமீறல்தான். ஆனால் அதற்கடுத்து அவள் செய்ததை ஏன் எழுதவில்லை?

செப்டம்பர் 14
திருத்தி எழுதியதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சோயாத் தெம்பே துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றே வாசித்தேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். பந்துல் மேடை வந்ததும் அடுப்பைத் தணித்தாள்.

"அன்னிக்கு எனக்குக் கை நடுங்குச்சு. அதையும் எழுது."

"சரிக்கா."

"அது யாரு, திருமதி எம்?"

"நீதான்."

"தெரியுது. கினாசின்னே போடு."

"அம்மா..."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். தட்டை எடு, சாப்பிடு."

வருகிற வழியில் வண்டியை ஓரம் நிறுத்தி அழுதேன். எத்தனை நாளாயிற்று இப்படி மூச்சு விட்டு.

செப்டம்பர் 27
கொடுத்தாயிற்று.

அக்டோபர் 24
வாய்மொழித் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். வரலாற்றுக்காரருக்கு இன்னமும் ஆண்டுகள் போதவில்லை. சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

நவம்பர் 10
பக்கத்து வீட்டு சுலிஸ் அத்தை வந்திருந்தார். அம்மா உள்ளே போய் அச்சிட்ட ஆய்வேட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"சின்னவ எழுதினது. பெரியவளைப் பத்தி."

"அவளைப் பத்தி என்ன?"

"அவ பாடறா. மேடையில."

நான் தலை நிமிரவில்லை. சுலிஸ் அத்தை இரண்டு பக்கம் புரட்டினார்.

"ஜனவரியில பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்" என்றார். "கினாசிக்குத் தோதுப்படுமான்னு கேட்டுச் சொல்லுங்க."