முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஜெலுத்தோங், பினாங்கு
12 ஜனவரி 2025

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் கீழ்மாடி மஹ்பூபா உனக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடும். அது சொன்னால் நீளமாக இருக்கும்.

உன் புதுக் காடிக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை போட்டோம். குருக்கள் கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்து, நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, "மெல்ல எடுங்க" என்றார். மெல்லத்தான் எடுத்தேன், ஆனால் பின்னால் எடுத்துவிட்டேன். பழங்கள் நாலும் என்னைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருக்க, காடி பின்பக்கமாகப் போய்ப் பூக்காரம்மாவின் மேசையில் முட்டி நின்றது. கண்ணாடியில் ஒரே மல்லிகைப்பூ. "அண்ணே, மாலை வேணும்னா கேட்டு வாங்கக்கூடாதா?" என்றது அந்தம்மா. குருக்கள் மட்டும் சிரிக்கவில்லை. "பரவாயில்லை, திரும்பி வர்றப்போ நசுக்கிக்கலாம்" என்றார். பம்பரில் நகம் அளவுக்கு ஒரு கீறல். துடைத்தால் போய்விடும் என்று மூன்று நாளாகத் துடைக்கிறேன்.

போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஓகே லா' என்று முடித்துவிடுகிறேன், ஆகவே காடி விவரத்தைக் கடிதமாக எழுத வேண்டும் என்று நீதான் கண்டிஷன் போட்டாய். மூன்றாம் படிவத்தோடு புத்தகத்தை மூடிய ஆளிடம் ரிப்போர்ட் கேட்கிறாய். சரி, எழுதுகிறேன்.

காடியோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் புது இன்ஜினை விரட்டக்கூடாதாம். எண்ணெய் பெடலை ஒரேயடியாக மிதிக்கக்கூடாது. பிரேக்கைத் திடீரென்று அழுத்தக்கூடாது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகக்கூடாது, கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். புது மருமகளை வீட்டில் பழக்குவது போல என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "என்னை யாரும் அப்படிப் பழக்கலையே" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆயிரம் முடிந்து முதல் சர்வீஸ் ஆகும்வரை அம்மாவை ஏற்றக்கூடாது என்ற உன் உத்தரவும் நினைவிருக்கிறது. ஏற்றமாட்டேன். டயாலிசிஸ் முடித்து என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், பாலத்தின் நடுவில் தூங்கி என் முதுகில் சாய்ந்த அன்று எனக்குப் போன உயிர் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்காகத்தானே நீ இந்தக் காடியை வாங்கினாய். தீவில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்காமல் அக்கரையில் புக்கிட் தெங்காவில் கிடைத்ததை நாம் என்ன செய்வது? வாரம் மூன்று நாள் பாலம் தாண்டத்தான் வேண்டும். அதுவரை கிராப் டாக்சி இருக்கிறது, வந்தால்.

லைசென்ஸ் எடுத்த காலத்துக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மஹ்பூபா பள்ளிக்கூட வேன் ஓட்டுவதால், மத்தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டது. இந்த ஆயிரத்தை நான் ஓட்டியே தீருவேன்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா தங்கராஜு


டிரெஸ்டன்
25 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பாட்டி இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

கீறலைத் துடைக்காதீர்கள், இருக்கட்டும். மற்றதைக் கவனமாகக் கேளுங்கள். காடியை எடுப்பதற்கு முன் சீட், கண்ணாடி, பெல்ட். இதே வரிசையில். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் மெல்ல மூன்று எண்ணுங்கள், அதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் ஐந்து எண்ணுங்கள். புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்கும். போன் பையில் இருக்கட்டும், நான் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள்.

இன்ஜின் மட்டும் பழகினால் போதாதுப்பா, நீங்களும் பழக வேண்டும். அதனால்தான் அம்மாவை இப்போது ஏற்ற வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஜெர்மனிப் பயிற்சி முடிந்து ஏப்ரலில் நான் வந்துவிடுவேன். பிறகு பத்து காவான் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் வழியில் அம்மாவை நானே விட்டுவிடுவேன். அதுவரை சமாளித்தால் போதும்.

அம்மா சாப்பாட்டில் உப்பு போடுகிறார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்,
சாந்தினி


ஜெலுத்தோங், பினாங்கு
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் சாந்தினிக்கு,

நாளை மறுநாள் தைப்பூசம். பாதி ரோட்டை அடைத்துவிடுவார்கள். ஆகவே அறுநூறைத் தொட்ட காடியை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

உப்பு போடுகிறாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

போன வாரம் புக்கிட் தெங்கா வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பாலத்து டோலில் மோட்டாருக்கு இடது ஓரமாகத் தனி வழி உண்டல்லவா? இருபது வருஷத்துக்கு மேல் ஃபேக்டரி வேலை முடிந்து அந்த வழியிலேயே வந்த கை. நான் யோசிப்பதற்குள் கையே திருப்பிவிட்டது. மஹ்பூபா, "அண்ணே! அண்ணே! இது காடிண்ணே!" என்று கத்தியபோது இரண்டு பக்கக் கம்பியும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. பின்னால் ஷிப்ட் விட்ட மோட்டார்க் கூட்டம். ஒருத்தன் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, "அங்கிள், உங்க மோட்டார் ரொம்பப் பெருசா இருக்கே லா!" என்றான். அதிகாரி ஒருவர் வந்து மோட்டார்களை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பின்பக்கமாகவே வெளியே எடுத்தேன். அதில்தான் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறதே. சம்மன் எழுதாமல் விட்டார். பாவம் பார்த்தாரா, சிரித்துக் களைத்துவிட்டாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டி, "போதும், எனக்கு இது சரிப்படாது" என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் கிராப் இரண்டு தடவை கேன்சல் ஆனது. அம்மா கீழே படிக்கட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போடும் கையை மறு கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே மத்தியானம் சாவியை எடுத்தேன்.

இன்னொன்று கற்றுக்கொண்டேன். மோட்டாரில் போன காலமெல்லாம், பார்க்காமல் வளைக்கிற காடிக்காரனை நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது உட்கார்ந்து பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது, எந்தக் கண்ணாடியிலும் அது விழுவதில்லை. நான் அத்தனை வருஷமும் அந்த மூலையில்தான் போய்வந்திருக்கிறேன் போல. இப்போது தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்க்காமல் வளைப்பதில்லை. மஹ்பூபா, "கழுத்து சுளுக்கிக்கும்ணே" என்கிறது. சுளுக்கட்டும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பாடமும் நடக்கிறது. இரண்டாவது பாலத்தில் அறுபது, எழுபது, எண்பது, மறுபடி அறுபது என்று போனேன். பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கடித்துக் கடைசியில் முந்திப்போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்து காவான் பெட்ரோல் ஸ்டேஷனில் உன்னோடு வேலை செய்யும் சுபாஷினியைப் பார்த்தேன். "அங்கிள், அங்கேயே மூணு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க, சாந்தினி வேணாங்குறா. நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றது. எனக்குத் தெரிந்தது போல் தலையை ஆட்டி வைத்தேன்.

நீ ஏன் சொல்லவில்லை?

அப்பா


டிரெஸ்டன்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

சுபாஷினியின் வாயைத் தைக்க வேண்டும்.

ஆமாம், கேட்டார்கள். புது லைன் ஒன்று தொடங்குகிறார்கள், அதை நான் நடத்த வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நான் இங்கே இருந்தால் அம்மாவை யார் கூட்டிப்போவது? மோட்டார் வழியில் காடி ஓட்டுகிற ஆளை நம்பி மூன்று வருஷம் நான் எப்படித் தூங்குவேன்? விளையாட்டுக்குச் சொல்லவில்லைப்பா. ராத்திரி படுத்தால் அந்தப் பாலம்தான் கண்ணுக்குள் வருகிறது.

மார்ச் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். நீங்கள் எனக்காக வீம்பு பிடித்து ஓட்ட வேண்டாம்.

இருந்தாலும் சர்வீஸ் முடிந்தபின் அம்மாவை ஒரு முறை ஏற்றிப் போனால், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். அம்மா என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல்.

சாந்தினி


ஜெலுத்தோங், பினாங்கு
16 மார்ச் 2025

அன்பு மகள் சாந்தினிக்கு,

நேற்று போனில் பேசிவிட்டோம். இருந்தாலும் நீ நடந்தபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

வீம்புதான், மறுக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே மஹ்பூபாவிடம், "இனிமே சொல்லித்தர வேணாம், பரீட்சை வை" என்றேன். நோன்பு மாசம். அது பசியோடு பக்கத்தில் உட்கார்ந்தது. நான் தப்புப் பண்ணினால் வாயைத் திறக்காமல் டேஷ்போர்டில் ஒரு தட்டு. முதல் நாள் ஜெலுத்தோங் பாசாரிலிருந்து பாலம் வருவதற்குள் மேளக் கச்சேரியே நடந்தது. இரண்டாவது வாரம் புக்கிட் தெங்கா போய்த் திரும்பும்வரை ஒரு தட்டும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஓட்டிட்டீங்கண்ணே. நோன்பு திறக்கக் கஞ்சி குடுத்தனுப்புறேன், அக்காவுக்கு உப்பில்லாம" என்றது. அவ்வளவுதான் சர்ட்டிபிகேட்.

ஆயிரம் முடிந்தது. சர்வீஸில் எண்ணெய் மாற்றினார்கள். அங்கே இருந்த தம்பி இக்மல் பிரேக்கைப் பார்த்துவிட்டு, "யார் ஓட்டினது, நல்லா பழக்கியிருக்காங்க" என்றான். என் மகள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மாவை ஏற்றினேன். சீட், கண்ணாடி, பெல்ட். அவள் பெல்ட்டை நானே மாட்டினேன். பாலம் ஏறும்போது மேலே இருக்கிற பிடியில் தொங்கிக்கொண்டு வந்தாள். "ருக்கு, பஸ்சா இது?" என்றேன். "ரோட்டைப் பாருங்க" என்றாள். விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒரு லாரி குறுக்கே நுழைந்தபோது மட்டும் எண்ணிக்கை விட்டுப்போனது, இடைவெளி விட்டுப்போகவில்லை.

திரும்பும்போது நல்ல மழை. ஐந்து எண்ணினேன். மோட்டார்க்காரர்கள் எல்லாம் பாலத்து ஓரத்தில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா சீட்டைச் சாய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பிளாட்டுக்குக் கீழே நிறுத்தி, "இறங்கு" என்றேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதுக்குள்ள வந்துட்டமா?" என்றாள். தூங்கியிருக்கிறாள், சாந்தினி. என் ஓட்டத்தில், மழையில், பாலத்தில் உன் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இதற்கு மேல் நான் உனக்கு என்ன ரிப்போர்ட் எழுதுவது?

உன் மூன்று வருஷ விஷயத்தை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். காடியை விட்டு இறங்காமலே கேட்டாள். வைப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணு வருஷமா? அந்தப் பிள்ளைக்குக் குளிர் ஆகாதே" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். இன்ஜினைச் சும்மா ஓடவிடக்கூடாது என்று புத்தகத்தில் இருந்தது, ஆனால் அணைத்தால் அழுகைச் சத்தம் வெளியே கேட்குமே என்று ஓடவிட்டேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடச் சொல்லுங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நான் கொஞ்ச நாளைக்குக் கோவமா இருக்கணும்" என்றாள். மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். போனில் அவள் கோபமாகப் பேசினால் நீ கெஞ்சு. அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.

ஆகவே போனில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. கையெழுத்துப் போடு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் உன் அம்மா என் பொறுப்பு. பாலம் என் பொறுப்பு. ராத்திரி நீ தூங்கு.

அன்புடன்,
அப்பா தங்கராஜு

பி.கு. சர்வீஸுக்கு முந்தின நாள் மீதி கிலோமீட்டரை எங்கே ஓட்டினீர்கள் என்று நேற்றுக் கேட்டாய். 'சும்மா அங்கே இங்கே லா' என்றேன். பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுக்குத்தான் போனேன், தனியாக. வந்து இறங்குகிறவர்களை ஏற்றும் இடத்தில் அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள், சுற்றி வந்து மறுபடியும் ஓரம் கட்ட வேண்டும். அந்த வளைவு எனக்குப் பிடிபடும்வரை சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சரியாகக் கதவுக்கு நேராக நிறுத்தி, இறங்கிப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தையும் திறந்து வைத்துப் பார்த்தேன், உன் பெட்டிக்கு இடம் போதுமா என்று. போதும்.